வாட்ச் செய்யத் தெரியாத வாட்ச்காரர்



உங்க குடும்பத்துலயும் கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். துபாய்லயோ சிங்கப்பூர்லயோ வேலை பார்த்துட்டு, லீவுக்கு ஊருக்கு வரும்போது முழுக்கைச் சட்டையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டு வர்ற மாமா. எங்க மாமா போன வருஷம் வந்தார். கையில் ரோலக்ஸ். கல்யாண வீட்டுல நாலு பேர் தேடிப் போய் அவர்கிட்ட மணி கேட்டாங்க. எல்லார் கையிலயும் போன் இருந்ததுங்கறது வேற விஷயம்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது வாட்ச் இல்லை. வாட்சைக் கழற்றி டிவி மேல வச்சுட்டுக் குளிக்கப் போன மனுஷன், கடைப் பில்லையும் உத்தரவாத அட்டையையும் ஏர்போர்ட்டில் வரி கட்டின ரசீதையும் மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏன் மாமான்னு கேட்டேன். பேப்பர் இல்லாம நாளைக்கு விற்கப் போனா அடிமாட்டு விலைக்குக் கேப்பான்டா, சுங்கத்துல கேட்டாலும் பதில் சொல்ல முடியாதுன்னார்.

பொருளை விட அதைப் பற்றின காகிதம் பெரிசாப் போன இந்தக் கதை எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடிப் போனப்பதான் ஹன்ஸ் வில்ஸ்டார்ஃப் கிடைத்தார். ரோலக்ஸை உருவாக்கியவர். பெரிய கடிகாரக் கலைஞரா இருப்பார்னுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். அவர் வாட்ச் செய்யக் கற்றவரே இல்லை.

1881 மார்ச் 22 அன்று, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் குல்ம்பாக் என்ற சிறிய ஊரில் பிறந்தார். பீருக்குப் பேர் போன ஊர். குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. ஹன்ஸுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. உறவினர்கள் கூடிப் பேசிக் கடையை விற்றார்கள், பிள்ளைகளைக் கோபுர்க் நகரில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். நம்ம ஊரில் சொத்தை வித்துட்டாங்கன்னு ஆயுசுக்கும் பேசாம இருந்திருப்போம். ஹன்ஸ் பின்னாளில், தான் சொந்தக் காலில் நிற்கக் கற்றது அந்த முடிவால்தான் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். பள்ளியில் அவருக்குப் பிடித்தவை இரண்டு: கணக்கு, வெளிநாட்டு மொழிகள். கடைசி வரை அவருக்குச் சோறு போட்டதும் இந்த இரண்டுதான்.

படிப்பு முடிந்து ஜெனீவாவில் ஒரு முத்து வியாபாரியிடம் கொஞ்ச நாள் வேலை. பிறகு 1900-ல், சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் இருக்கும் லா ஷோ-ட-ஃபோன் நகரத்துக்குப் போனார். ஊரே கடிகாரத் தொழிலை நம்பி வாழ்ந்தது. அங்கே வாட்ச் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் கிளார்க் வேலை, மாதம் 80 பிராங்க் சம்பளம். கடிதம் எழுதுவதோடு இன்னொரு வேலையும் தலையில் விழுந்தது. தினமும் நூற்றுக்கணக்கான பாக்கெட் வாட்சுகளுக்குச் சாவி கொடுத்து, எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று பார்த்துக் குறித்து வைக்கணும்.

லேபில் ஒரே ரீடிங்கைப் பத்து தடவை எடுக்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதிடலாமான்னு தோணும். இந்தப் பையன் அதை ஒழுங்கா உட்கார்ந்து செய்தான். ஒரே டிசைன், ஒரே பட்டறை, ஆனாலும் இரண்டு வாட்சுகள் ஒரே மாதிரி ஓடாது, அளந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும் என்ற பாடம் அங்கே கிடைத்ததாகத்தான் நான் நினைக்கிறேன்.

1903-ல் லண்டனுக்குப் போனார். 1905-ல், இருபத்து நாலு வயதில், மைத்துனர் ஆல்ஃப்ரெட் டேவிஸுடன் சேர்ந்து வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ் என்ற கம்பெனி. சுவிட்சர்லாந்திலிருந்து உள்ளே ஓடும் இயந்திரத்தை வாங்கி, நல்ல கூட்டில் பொருத்தி, பிரிட்டிஷ் நகைக்கடைகளுக்கு விற்பது தொழில். தோல் உறைக்குள் மடித்து வைக்கும் பயணக் கடிகாரங்கள் அவர்களுடைய ஆரம்பகாலச் சரக்கில் முக்கியமானவை. பயணம் போகிறவர்கள் நல்ல கடிகாரத்துக்குக் காசு கொடுப்பார்கள் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் மற்றவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்த ஒரு முடிவை எடுத்தார். கைக்கடிகாரத்தில் பணத்தைப் போடுவது!

இன்னைக்கு இது கிறுக்குத்தனமாத் தெரியாது. அன்று ஆண்கள் கோட்டுப் பையில் சங்கிலி போட்டு வாட்ச் வைத்திருப்பார்கள். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் வளையல் மாதிரி ஓர் அலங்காரம். போரில் இருந்த சில சிப்பாய்கள் மட்டும் வசதிக்காகக் கட்டிக்கொண்டார்கள். கேலியை விடுங்க, தொழில்நுட்பக் காரணமும் வலுவாகவே இருந்தது. மெக்கானிக்கல் மக்களுக்கு இது சட்டென்று புரியும். வாட்சின் உயிர் அதன் பேலன்ஸ் வீல். ஹேர்ஸ்பிரிங்கின் இழுப்பில் அது முன்னும் பின்னும் ஆடும் வேகம்தான் நேரம். பாக்கெட் வாட்ச் நாள் முழுக்கப் பையில் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கும். கையில் கட்டியதோ படுக்கும், கவிழும், குலுங்கும். நிலை மாற மாற ஈர்ப்பு விசை அந்தச் சக்கரத்தில் வேறு வேறு விதமாக வேலை செய்யும். உடம்புச் சூட்டுக்கும் வெளிக்குளிருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறும். இதற்கு மேல் தூசி, வியர்வை. சின்ன இயந்திரத்தில் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். ஆக, கைக்கடிகாரம் சரியான நேரம் காட்டாது என்பது வெறும் பழமைவாதம் இல்லை, நியாயமான சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தை வாயால் பேசித் தீர்க்க முடியாது என்பது வில்ஸ்டார்ஃபுக்குத் தெரிந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் பியென் நகரில் ஏக்ளர் என்பவரின் பட்டறை சின்னதாகவும் நம்பகமாகவும் இயந்திரம் செய்தது. அங்கே பெரிய ஆர்டர் கொடுத்தார். வந்த வாட்சுகளைச் சோதனைக்கு அனுப்பினார். 1910-ல் பியென் நகர அதிகாரபூர்வ சோதனை நிலையம் ஒரு ரோலக்ஸுக்குக் குரோனோமீட்டர் சான்று கொடுத்தது. கைக்கடிகாரம் ஒன்று அப்படிச் சான்று வாங்கியது அதுவே முதல் தடவை. அது போதவில்லை. அடுத்து இங்கிலாந்தின் கியூ ஆய்வகம். கப்பலில் வழி கண்டுபிடிக்கும் பெரிய கடிகாரங்களைச் சோதிக்கிற இடம். 45 நாள் சோதனை, ஐந்து நிலைகள், மூன்று வெப்பநிலைகள். நம்ம செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸ் எல்லாம் சேர்த்தாலும் 45 நாள் வராது. 1914 ஜூலை 15 அன்று ஏ வகுப்புச் சான்று வந்தது. அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் வாங்காத சான்று. இருபது நாள் கழித்துப் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. பதுங்குகுழியில் கிடக்கும் அதிகாரி கோட்டுப் பையைத் துழாவி நேரம் பார்க்க முடியாது. ஆண்கள் கையில் வாட்ச் ஏறிக்கொண்டது. நாலு வருஷத்தில் கேலி காணாமல் போனது.

மாமாவின் பீரோவில் இருக்கும் காகிதத்துக்குத் தாத்தா இந்தச் சான்றுகள்தான். இன்றும் சுவிஸ் வாட்சின் முகப்பில் குரோனோமீட்டர் என்ற சொல் இருந்தால், உள்ளே இருக்கும் இயந்திரம் அங்குள்ள தனி நிலையத்தில் 15 நாள், ஐந்து நிலை, மூன்று வெப்பநிலையில் தேறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளில் 4 விநாடிக்கு மேல் பிந்தக் கூடாது, 6 விநாடிக்கு மேல் முந்தக் கூடாது. வெளிநாட்டில் வாங்கப் போகிறவர்கள் தங்கம், வைரம் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு வார்த்தையைப் பாருங்க. கூடவே இன்னொன்றையும் தெரிஞ்சுக்கோங்க: சில நூறு ரூபாய்க்கு நம்ம ஊரில் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்ச் இதை விடத் துல்லியமா ஓடும். துல்லியத்துக்காக மட்டும் ரோலக்ஸ் வாங்குறேன்னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ரோலக்ஸ் என்ற சொல்லுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. சின்னதா இருக்கணும், எந்த மொழிக்காரனும் சொல்லணும், டயலில் அடங்கணும். எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் எதுவும் அமையவில்லையாம். ஒருநாள் லண்டனில் குதிரை வண்டிப் பேருந்தின் மாடியில் போகும்போது ஏதோ ஒரு பூதம் காதில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனதாக அவரே கதை சொல்லியிருக்கிறார். 1908-ல் பெயரைப் பதிவு செய்தார். ஆனால் டயலில் போட முடியவில்லை! வாட்சை விற்கும் கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயர்தான் இருக்கணும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். இவர் சண்டை போடவில்லை. ஆறு வாட்சுகள் உள்ள பெட்டியில் ஒன்றில் மட்டும் ரோலக்ஸ் என்று போட்டு அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து இரண்டில். பிறகு மூன்றில். எல்லா வாட்சிலும் பெயர் வருவதற்கு இருபது வருஷம் போல ஆனது. எம்பிஏ போகப்போற நண்பர்கள் இதைக் குறித்து வச்சுக்கோங்க.

போர் ஒரு பக்கம் வியாபாரம் கொடுத்தது, மறுபக்கம் நிம்மதியைப் பறித்தது. வில்ஸ்டார்ஃப் பிறப்பால் ஜெர்மானியர், பிரிட்டிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்து லண்டனில் வாழ்கிறார். தெருவில் ஜெர்மன் பெயரைப் பார்த்தாலே ஜனங்களுக்குக் கோபம் வந்த காலம் அது. 1915-ல் கம்பெனிப் பெயரிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டு, ரோலக்ஸ் என்று மாற்றினார். அதே வருஷம் பிரிட்டிஷ் அரசு கார், இசைக்கருவி, கடிகாரம் போன்ற ஆடம்பர இறக்குமதிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டது. 30 பவுண்ட் வாட்சுக்கு 10 பவுண்ட் வரி. ஏர்போர்ட்டில் நம்ம மாமா முனகினாரே, அதே முனகல்தான். மாமா வரியைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். இவர் வீட்டையே மாற்றினார். தொழிலை மெல்ல மெல்ல சுவிட்சர்லாந்துக்கு நகர்த்தி, 1919-ல் ஜெனீவாவில் குடியேறினார்.

(சந்தடி சாக்கில் ஒரு தகவல்: விலை உயர்ந்த வாட்சைக் கட்டிக்கொண்டு இங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வச்சுக்கலாம். திரும்பி வரும்போது அங்கே வாங்கினதான்னு கேட்டா காட்டலாம். மறுபடியும் காகிதம்!)

அடுத்த எதிரி தண்ணீர். வாட்சுக்குள் ஈரமும் தூசியும் நுழையும் முக்கிய வாசல் சாவி கொடுக்கும் குமிழ். அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் திருக முடியாது, இடைவெளி இருந்தால் தண்ணீர் வரும். பெர்ரேகோ, பெர்ரே என்ற இரண்டு சுவிஸ்காரர்கள் குமிழைக் கூட்டோடு திருகி மூடும் முறைக்குப் பேட்டன்ட் வைத்திருந்தார்கள். வில்ஸ்டார்ஃப் அதை விலை கொடுத்து வாங்கினார். முன்வளையம், பின்மூடி, குமிழ் மூன்றையும் நடுக்கூட்டில் மரை வைத்து இறுக்கிய வாட்ச் 1926-ல் வந்தது. பெயர் ஆய்ஸ்டர், அதாவது சிப்பி. கடைக் கண்ணாடிக்குள் மீன்தொட்டி வைத்து, மீன்களுக்கு நடுவே ஓடும் வாட்சைத் தொங்கவிட்டார். தெருவில் போகிறவன் நிற்காமல் போவானா?

1927-ல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற லண்டன் டைப்பிஸ்ட், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் ஆனார். அவருடைய பெற்றோரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்தான். சில நாளிலேயே இன்னொரு பெண் தானும் கடந்ததாகச் சொல்லி, பிறகு அது நாடகம் என்று ஒப்புக்கொண்டார். அதில் உண்மையாக நீந்திய கிளைட்ஸ் மீதும் சந்தேகம் விழுந்தது. நிரூபிக்க அக்டோபர் 21 அன்று மறுபடியும் கால்வாயில் இறங்கினார். இந்தத் தடவை கழுத்தில் ஓர் ஆய்ஸ்டர் தொங்கியது. குளிர் உயிரை எடுத்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் போராடியவரை, கரை சேருமுன்பே படகில் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அந்தத் தண்ணீரில் அவ்வளவு நேரம் தாங்கினதைப் பார்த்தே ஜனங்கள் அவரை நம்பிவிட்டார்கள். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் லண்டனின் டெய்லி மெயில் முதல் பக்கம் முழுக்க ரோலக்ஸ் விளம்பரம். கால்வாயைக் கடந்தபோதே அவரிடம் அந்த வாட்ச் இருந்தது என்று இன்றும் நிறைய பேர் எழுதுகிறார்கள். இல்லை. அது கரை சேராத நீச்சலில்தான் இருந்தது. வாட்சைச் சோதிக்க அது போதும். ஆனாலும் தன் மானத்தை மீட்க உயிரைப் பணயம் வைத்த ஒரு பெண்ணின் கதை, வாட்ச் கதையாகச் சுருங்கிப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆய்ஸ்டரில் ஓர் ஓட்டை பாக்கி இருந்தது, மனுஷ ஓட்டை. தினமும் குமிழைத் திறந்து சாவி கொடுக்கணும். திருகி மூட மறந்தால் போச்சு. சரி, சாவியே கொடுக்க வேண்டாமென்றால்? கை அசைவில் தானே முறுக்கிக்கொள்ளும் கைக்கடிகாரத்தை ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் ஏற்கெனவே செய்திருந்தார். அதில் எடைக்கட்டி கொஞ்ச தூரம் ஆடி, முட்டித் திரும்பும். ஏக்ளர் பட்டறையில் எமில் போரர் தலைமையில் செய்ததோ, அரைவட்டத் தகடு முழுச் சுற்றும் தடையின்றிச் சுற்றும் அமைப்பு. 1931-ல் வந்தது, பெயர் பெர்பெச்சுவல். பின்னாளில் ரோலக்ஸ் விளம்பரங்கள் தானியங்கி வாட்சே தங்களுடையது என்ற தொனியில் வர, ஹார்வுட்டுக்கு உரிய மரியாதையைத் தனி விளம்பரத்தில் கொடுக்க வேண்டி வந்தது.

கவனிச்சீங்களா? இயந்திரம் ஏக்ளருடையது, திருகு குமிழ் பெர்ரேகோ, பெர்ரேயுடையது, தானியங்கி யோசனை ஹார்வுட்டுடையது. அப்ப வில்ஸ்டார்ஃப் என்னதான் செஞ்சார்னு என் ரூம்மேட் கேட்டான். ஃபைனல் இயர் பிராஜெக்ட்டில் ஒருத்தன் கோடு எழுதுவான், ஒருத்தன் சர்க்யூட் போடுவான், எதை எதோடு சேர்க்கணும்னு தெரிந்த இன்னொருத்தன் இல்லைன்னா வைவா அன்னைக்கு டெமோ ஓடாது. அந்த இன்னொருத்தன்தான் இவர். ரூம்மேட்டுக்கு இதில் இன்னும் சமாதானம் இல்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படை வீரர்கள் பலர் சொந்தக் காசில் ரோலக்ஸ் வாங்கிக் கட்டியிருந்தார்கள். விமானம் விழுந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டால் முதலில் போவது கைவாட்ச். இது ஜெனீவாவுக்குத் தெரிய வந்ததும் வில்ஸ்டார்ஃப் ஓர் ஏற்பாடு செய்தார். முகாமில் இருக்கும் கைதி கடிதம் எழுதினால் போதும், வாட்ச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்து சேரும். காசு? போர் முடிந்த பிறகு.

யோசிச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் ஜெயிக்கும்னே தெரியாத நேரம். முள்வேலிக்குள் இருப்பவன் உயிரோடு திரும்புவானா என்பதே சந்தேகம். சான்று, சோதனை, காகிதம் என்றே வாழ்ந்த மனுஷன், எந்தக் காகிதமும் கேட்காமல் கடன் கொடுத்தார்.

ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற முகாமில் கிளைவ் நட்டிங் என்ற கார்ப்பரல் இருந்தார். முகாமில் செருப்புத் தைப்பவர். அவர் 1943 மார்ச்சில் விலை கூடிய ஆய்ஸ்டர் குரோனோகிராஃப் ஒன்றைக் கேட்டு எழுதினார். அவசரம் வேண்டாம், பணத்தைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம் என்ற பொருளில் வில்ஸ்டார்ஃபே பதில் எழுதினார். சில மாதத்தில் வாட்ச் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பினார்கள். ஹாலிவுட் படமாகவும் வந்த கதை. 73 பேர் பிடிபட்டார்கள், அதில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். காவலர்களின் ரோந்து நேரத்தைக் கணிக்க நட்டிங்கின் வாட்ச் உதவியதாகச் சொல்வார்கள். நட்டிங் உயிரோடு ஊர் திரும்பினார். பில் பிறகு வந்தது: 15 பவுண்ட், 12 ஷில்லிங், 6 பென்ஸ். கட்டினார். பல காலம் கழித்து அந்த வாட்ச் ஏலத்துக்கு வந்தபோது, கூடவே அந்தக் கடிதங்களும் வந்தன.

இது நல்ல மனசா, நல்ல வியாபாரமா? இரண்டும்தான்னு எனக்குத் தோணுது. முகாமில் கிடந்தவனுக்கு அந்தக் கேள்வி முக்கியமா இருந்திருக்காது. தன்னைச் சாகும் வரை அடைத்து வைக்கப்போவதில்லை, வெளியே வந்து கடனை அடைப்பான் என்று யாரோ ஒருவர் நம்புகிறார் என்பதுதான் அந்தப் பார்சலில் இருந்த சேதி.

1944-ல் மனைவி ஃப்ளாரன்ஸ் இறந்தார். குழந்தைகள் இல்லை. அடுத்த வருஷம் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கம்பெனியின் பங்குகள் முழுவதையும் அதன் பெயருக்கே எழுதி வைத்தார். அதே 1945-ல் தேதி தானாக மாறும் டேட்ஜஸ்ட் வந்தது. அவ்வளவு விலை கொடுக்க முடியாதவர்களுக்காக, கூடு ரோலக்ஸ் தரத்திலும் உள்ளிருக்கும் இயந்திரம் வெளியில் வாங்கியதாகவும் டியூடர் என்ற பிராண்டை வளர்த்தார். 1950-களில் பான் ஆம் விமானிகளுக்காக ஜிஎம்டி மாஸ்டர். 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் கூடுதல் முள், வெளியே எண் போட்ட வளையம், இரண்டு ஊர் நேரம் ஒரே வாட்சில். மாமாவிடம் இருப்பது இந்த வகைதான். ஒரே சிக்கல், இந்திய நேரம் அஞ்சரை மணியில் நிற்பதால் நம்ம ஊரைப் பார்க்க இரண்டு எண்ணுக்கு நடுவில் உத்தேசமாகப் பார்க்கணும். அத்தனை லட்சம் கொடுத்தும் உத்தேசமா!

வில்ஸ்டார்ஃப் 1960 ஜூலை 6 அன்று ஜெனீவாவில் காலமானார். ரோலக்ஸ் இன்றும் பங்குச்சந்தையில் இல்லை. அந்த அறக்கட்டளைதான் முதலாளி. லாபத்தில் ஒரு பகுதி ஜெனீவாவில் படிப்பு, மருத்துவ உதவி, கலை என்று செலவாகிறது. அங்கே ஆர்வ் ஆற்றின் மேல் 2012-ல் திறந்த ஒரு பாலத்துக்கு அவர் பெயர். நேர்க்கோடே இல்லாமல் வளைந்து முறுக்கிய இரும்புக் குழாய்கள் இரண்டு பக்கமும் பின்னிக்கொண்டு நிற்கும், உள்ளே வண்டி போகும். சிவில் மக்களே, யாராவது அந்தப் பக்கம் போனா வாட்ச் கடையை விட்டுட்டு அந்தப் பாலத்தின் ஜாயின்ட்டுகளைப் படம் எடுத்து நம்ம இதழுக்கு அனுப்புங்க.